மோல்ட்கேயின் ஊர்கள்: பார்ஷிமிலிருந்து க்ஷிஷோவா வரை

திங்கள், பார்ஷிம்

பெர்லினிலிருந்து ஹாம்பர்க் போகும் ரயிலில் ஏறி, லுட்விக்ஸ்லுஸ்ட்டில் இறங்கி, சின்ன ரயில் ஒன்றுக்கு மாறினால் பார்ஷிம் வந்துவிடும். காரில் வந்திருக்கலாம். ஆனால் இந்த ஊருக்கு இந்தப் பாதையில்தான் வர வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். 1840-களில் பெர்லின்–ஹாம்பர்க் ரயில் பாதை உருவானபோது அந்தக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவராக இருந்தவரைத் தேடித்தான் வந்திருக்கிறேன். தன் சேமிப்பையும் அதில் போட்டிருந்தார். அப்போது அவர் பிரஷ்யப் படையில் வெறும் மேஜர். பெயர் ஹெல்முத் ஃபான் மோல்ட்கே. பிற்காலத்தில் பிரஷ்யப் படையின் பொதுப் பணியகத் தலைவராகி, மூன்று போர்களுக்குத் திட்டம் வகுத்தவர். ரயில் பாதையை எந்த வழியாகப் போடுவது என்பதை எதையெல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று 1843-ல் ஒரு கட்டுரையே எழுதினார். படை அதிகாரி எழுதிய கட்டுரைதான், ஆனாலும் சரிவு, வளைவு, செலவு, வரும்படி என்று ஒரு பொறியாளரைப் போலப் பேசுகிறது.

நான் பார்ப்பது சரக்குப் போக்குவரத்துத் திட்டமிடும் வேலை. எந்த லாரி எத்தனை மணிக்கு எந்தக் கிடங்குக்கு வர வேண்டும், ஒன்று தாமதமானால் பின்னால் எத்தனை நிற்கும் என்பதுதான் நாள் முழுக்க. அதனால் குதிரையில் வாளோடு பாயும் தளபதிகளைவிட, மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஜெயித்த இந்த மனிதர் மேல் எனக்கு ஈர்ப்பு அதிகம்.

பார்ஷிம் அமைதியான ஊர். செங்கல் தேவாலயங்கள், மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள். 1800 அக்டோபர் 26-ல் மோல்ட்கே இங்கே பிறந்தார். அப்போது இது பிரஷ்யா இல்லை, மெக்லன்பர்க் என்ற தனிச் சிற்றரசு. பிறந்த வீடு லாங்கே தெருவில் இருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோதே, 1876-ல், ஊர்க்காரர்கள் அவருக்கு வெண்கலச் சிலை வைத்துவிட்டார்கள்.

இந்த ஊருக்கும் அவருக்கும் உண்மையில் பெரிய ஒட்டுறவு இல்லை. சின்ன வயதிலேயே குடும்பம் வடக்கே நகர்ந்துவிட்டது. அப்பா, டென்மார்க் அரசரின் கீழ் இருந்த ஹோல்ஸ்டைனில் நிலம் வாங்கி டென்மார்க் குடிமகனாகிவிட்டார். 1806-ல் நெப்போலியனின் படை லூபெக் நகருக்குள் புகுந்தபோது மோல்ட்கே குடும்பத்தின் வீடும் சூறையாடப்பட்டது. பையனுக்கு வயது ஆறு. அப்புறம் வறுமை. அண்ணனோடு கோபன்ஹேகனில் இருந்த படைப்பயிற்சிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். கடுமையான இடம். அன்பே கிடைக்காத இளமை என்று பிற்காலத்தில் அவரே வருந்தியிருக்கிறார். 1819-ல் டென்மார்க் படையில் இரண்டாம் லெப்டினன்ட். சின்ன நாடு, பதவி உயர்வு மெதுவாகத்தான் வரும். 1822-ல் அந்த வேலையை விட்டுவிட்டு, பிரஷ்யப் படையில் மறுபடி அடிமட்டத்திலிருந்து ஆரம்பித்தார்.

பிற்பாடு டென்மார்க்கோடு பிரஷ்யா 1864-ல் போரிட்டபோது, அந்தப் போருக்குத் திட்டம் வகுத்தவர் டென்மார்க்கில் படித்து, டென்மார்க் அரசருக்குப் பணியாளாக நின்ற இதே ஆள்தான். அந்த நாட்டைப் பற்றி அவர் கசப்பாகப் பேசியதாக நான் எங்கும் படித்ததில்லை.

செவ்வாய், பெர்லின்

காலையில் நேராக இன்வாலிடன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பெர்லின் சுவர் எழுந்தபோது அது இந்தக் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே போனது. பல கல்லறைகள் அப்போது அழிக்கப்பட்டன. இன்றும் சுவரின் துண்டு நிற்கிறது, பக்கத்திலேயே கால்வாய், அதன் ஓரமாக சைக்கிள் ஓட்டிகள்.

நடுவில் உயரமான கல் பீடத்தின் மேல் ஒரு சிங்கம் படுத்திருக்கும். அது ஷார்ன்ஹோர்ஸ்ட்டின் கல்லறை. 1806-ல் நெப்போலியனிடம் பிரஷ்யப் படை நொறுங்கிப் போன பிறகு, அதைத் திரும்பக் கட்டி எழுப்பியவர்களில் முதன்மையானவர் அவர். மேதைத் தளபதி ஒருவர் பிறப்பார் என்று காத்திருக்க முடியாது. நன்றாகப் படித்த அதிகாரிகளைத் திரட்டி, தளபதிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும் என்பது அவருடைய எண்ணம். அந்த அமைப்புதான் பொதுப் பணியகம், ஜெனரல் ஸ்டாஃப். அதற்காக ஏற்பட்ட போர்ப் பள்ளியில் 1823 முதல் 1826 வரை மோல்ட்கே படித்தார். அப்போது பள்ளியின் இயக்குநர், போரைப் பற்றி எழுதிப் பின்னால் புகழ்பெற்ற கிளாஸ்விட்ஸ்.

லெப்டினன்ட் சம்பளத்தில் காலம் தள்ளுவது சிரமமாக இருந்த காலம் அது. கதை எழுதினார், கட்டுரை எழுதினார். கிப்பன் எழுதிய ரோமப் பேரரசின் வரலாற்றை ஜெர்மனில் மொழிபெயர்த்துத் தர ஒப்புக்கொண்டார். எதற்குத் தெரியுமா? குதிரை வாங்கப் பணம் வேண்டும். பணியக அதிகாரிக்குச் சொந்தக் குதிரை இல்லாமல் முடியாது. பன்னிரண்டு தொகுதிகளில் ஒன்பதை முடித்துவிட்டார். பதிப்பாளர் கைவிட்டதால் பேசிய தொகை கைக்கு வரவில்லை. இந்தக் காலத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது. முப்பது வயது தாண்டியும் பெயர் இல்லை, காசு இல்லை, சிபாரிசு இல்லை. உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்.

1835-ல் விடுப்பில் பயணம் போனவர் இஸ்தான்புல்லில் தங்கிவிட்டார். சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தன் படையை நவீனப்படுத்த ஆலோசகராக வைத்துக்கொண்டார். நகரத்தை அளந்து வரைபடம் போட்டார், அனதோலியாவின் மலைகளில் சுற்றினார், ஊதிய ஆட்டுத்தோல்களைக் கட்டிய தெப்பத்தில் யூப்ரடீஸ் நதியின் சுழல்களில் இறங்கினார். 1839 ஜூன் 24-ல் நிசிப் என்ற இடத்தில் எகிப்தின் இப்ராகிம் பாஷாவோடு சண்டை. இந்த இடத்தில் நிற்க வேண்டாம், பின்வாங்கி பிரேஜிக்கில் இருக்கும் வலுவான நிலைக்குப் போய்விடுவோம் என்று மோல்ட்கே சொல்லிப் பார்த்தார். சுல்தானின் தளபதி ஹாபிஸ் பாஷா கேட்கவில்லை. படை சிதறி ஓடியது. நல்ல ஆலோசனை கையில் இருந்தும் கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர் நேரில் பார்த்தது அங்கேதான்.

மதியத்துக்கு மேல் வெற்றித் தூணுக்கு வந்தேன். சுற்றிப் போகும் வட்டச் சாலையின் வடக்குப் பக்கத்தில் மோல்ட்கேயின் வெண்பளிங்குச் சிலை. பக்கத்தில் பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க், போர் அமைச்சர் ரோன் சிலைகளும் உண்டு. பிஸ்மார்க்குடையது ஆர்ப்பாட்டமானது. மோல்ட்கே தலையில் தொப்பி இல்லாமல், கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, எதையோ யோசித்தபடி நிற்கிறார். அவரை ஏழு மொழிகளில் மௌனமாக இருக்கத் தெரிந்தவர் என்று சொல்வார்கள். சிற்பி அதைப் பிடித்துவிட்டார்.

இந்தத் தூணே அவருடைய மூன்று போர்களின் நினைவுதான்: 1864 டென்மார்க், 1866 ஆஸ்திரியா, 1870–71 பிரான்ஸ். மூன்றாவதில் செடான் நகரத்தில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே சிறைப்பட்டார். செப்டம்பர் 1 இரவு, டொன்ஷெரி என்ற ஊரில் பிரெஞ்சுத் தளபதி விம்ப்ஃபென் கௌரவமான நிபந்தனைகள் கேட்டு வாதாடினார். மோல்ட்கே குரலை உயர்த்தவில்லை. உங்களிடம் இத்தனை பேர், 48 மணி நேரத்துக்கு மட்டும் உணவு. எங்களிடம் இத்தனை பேர், இத்தனை பீரங்கி, இன்னின்ன இடத்தில் என்று கணக்கைச் சொன்னார். வேண்டுமானால் உங்கள் அதிகாரி ஒருவரை அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மறுநாள் காலை எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள்.

இரவு எழுதுகிறேன். காலையில் பார்த்த கல்லறைத் தோட்டத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அங்கேதான் பிற்காலப் பணியகத் தலைவர் ஷ்லீஃபனும், மோல்ட்கேயின் தம்பி மகனான இளைய மோல்ட்கேயும் புதைக்கப்பட்டார்கள். இளையவர் 1906-ல் பணியகத் தலைவராகி, பெரியப்பாவின் நாற்காலிக்கே வந்தவர். 1914 ஆகஸ்ட் 1-ல், பிரான்ஸ் ஒதுங்கிக்கொள்ளும் போலிருக்கிறது, படையை முழுக்கக் கிழக்கே ரஷ்யா பக்கம் திருப்பு என்று ஜெர்மன் பேரரசர் கைசர் சொன்னார். முடியாது, லட்சக்கணக்கானவர்களை நகர்த்தும் ஏற்பாட்டை ஒரே ராத்திரியில் மாற்ற முடியாது என்றார் இளையவர். "உன் பெரியப்பாவாக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பார்" என்றார் கைசர். அந்தச் சொல் அவரை உடைத்துவிட்டது.

கைசர் சொன்னதில் நியாயம் இருப்பதாகத்தான் நினைக்கிறேன். எதிரியின் முக்கியப் படையோடு முதல் மோதல் நடக்கும் வரைதான் எந்தத் திட்டத்தையும் ஓரளவுக்கு நம்பலாம் என்று மூத்த மோல்ட்கே எழுதி வைத்தார். அட்டவணையை அவ்வளவு நேசித்தவர், அட்டவணைக்கு அடிமையாகவில்லை. அவருடைய வெற்றிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

புதன், ரயிலில்

டிரெஸ்டன் வழியாக பிராக், அங்கிருந்து ஹிரடெட்ஸ் கிராலோவே. எல்பே நதி ஜன்னலோரமாகவே வருகிறது. மழை. விடுதிக்காரர் நாளைக்கும் மழைதான் என்கிறார். பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அங்கே மோதிய 1866 ஜூலை 3-ம் தேதியும் மழைதான், அதனால் குறை சொல்ல மனம் வரவில்லை.

வியாழன், ஹ்லூம்

ஹிரடெட்ஸ் கிராலோவேயைத்தான் ஜெர்மானியர் கேனிக்கிரேட்ஸ் என்பார்கள். சண்டை நடந்தது நகரத்தில் இல்லை. வடமேற்கே சில கிலோமீட்டர் தள்ளி, ஹ்லூம் என்ற மேட்டுக் கிராமத்தைச் சுற்றி. வ்ஷெஸ்டரி வரை உள்ளூர் ரயில், அப்புறம் நடை. செருப்பில் களிமண் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் கனக்கிறது. ஈரக் கோதுமை வயலுக்கு நடுவே அங்கங்கே கல் சிலுவைகள், கழுகு வைத்த தூண்கள், பெயர் செதுக்கிய பலகைகள். இந்த வட்டாரம் முழுக்க இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பிரஷ்யரும் ஆஸ்திரியரும் சாக்ஸனியரும் அருகருகே கிடக்கிறார்கள்.

ஹ்லூமில் ஒரு அருங்காட்சியகமும் பார்வைக் கோபுரமும் இருக்கின்றன. கோபுரத்தில் ஏறியபோது மேகம் கொஞ்சம் விலகியது. மேற்கே பிஸ்ட்ரிட்சே ஓடை, அதற்கு அப்பால் சடோவா. வடக்கே கறுப்பாக ஸ்வீப் காடு. நான் இத்தனை வருஷமாக வரைபடத்தில் பார்த்த எல்லாம் இங்கே ஒரே பார்வையில் அடங்கிவிடுகிறது. இவ்வளவு சின்ன இடத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து நாலு லட்சம் பேருக்கு மேல் நின்றார்கள் என்பதை மனம் ஏற்க மறுக்கிறது.

மோல்ட்கே செய்ததை இங்கே நின்றால்தான் சரியாகப் புரிந்துகொள்ள முடியும். படையை ஒன்றாகத் திரட்டிக்கொண்டு போய் எதிரியைச் சந்திப்பதுதான் அதுவரை வழக்கம். இத்தனை லட்சம் பேர் ஒரே சாலையில் போனால் கடைசி ஆள் கிளம்புவதற்குள் முதல் ஆள் போய்ச் சேர்ந்திருப்பான். சாப்பாடும் போய்ச் சேராது. பிரஷ்யாவிடம் எல்லைக்கு ஐந்து ரயில் பாதைகள் இருந்தன, ஆஸ்திரியாவிடம் ஒன்று. ஐந்தையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் படை 400 கிலோமீட்டருக்கும் மேல் பரந்து இறங்கும். இறங்கட்டும், பிரிந்தே நடக்கட்டும், சண்டைக் களத்தில் வந்து சேரட்டும் என்றார் மோல்ட்கே. மற்ற தளபதிகள் பதறினார்கள். நடுவில் எதிரி புகுந்து ஒவ்வொன்றாக அடித்துவிட்டால்? அந்தப் பயம் நியாயமானதுதான். ஆஸ்திரியத் தளபதி பெனடெக் வேகமாக நகர்ந்திருந்தால் அது நடந்தும் இருக்கலாம்.

அன்று காலை முதலாம் படையும் எல்பே படையும் மட்டும்தான் களத்தில். பட்டத்து இளவரசரின் இரண்டாம் படை தொலைவில் இருந்தது. தந்திக் கம்பி வேலை செய்யவில்லை. முந்தைய இரவு ஆணையைக் குதிரையில் கொடுத்து அனுப்பினார்கள், விடியற்காலை நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தது. காலை முழுக்க ஆஸ்திரியப் பீரங்கிகள் கொன்று குவித்தன. பீரங்கியில் ஆஸ்திரியாதான் உசத்தி. ஸ்வீப் காட்டில் பிரான்செக்கியின் பிரிவு மணிக்கணக்காகத் தாக்குதலைத் தாங்கிக்கொண்டு சிதைந்தது. பிரஷ்யரின் ஊசித் துப்பாக்கியைப் படுத்துக்கொண்டே நிரப்பலாம், நிமிடத்துக்கு நாலைந்து முறை சுடலாம். ஆஸ்திரியர் நின்று, குழாய் வாயில் மருந்து திணிக்க வேண்டும். அதோடு கத்திமுனையை நீட்டி நெருக்கமாக ஓடி வரும் பழக்கம். காட்டுக்குள் அது படுகொலையாக முடிந்தது.

நண்பகல் ஆகியும் இளவரசர் வரவில்லை. அரசர் வில்ஹெல்ம் கவலைப்படுகிறார், பிஸ்மார்க் தவிக்கிறார். பிஸ்மார்க் தன் சுருட்டுப் பெட்டியை மோல்ட்கேயிடம் நீட்டினார் என்று ஒரு கதை உண்டு. அவர் அவசரமில்லாமல் பார்த்து, இருப்பதில் நல்ல சுருட்டாக எடுத்துக்கொண்டாராம். அப்படியானால் நிலைமை மோசமில்லை என்று பிஸ்மார்க்குக்கு உயிர் வந்ததாம். அரசரிடம் மோல்ட்கே சொன்னது இது: இன்று தங்களுக்குக் கிடைக்கப் போவது இந்தச் சண்டையில் வெற்றி மட்டுமல்ல, இந்தப் போரிலேயே வெற்றி.

மதியத்துக்கு மேல், மழைமூட்டத்தில், நான் நிற்கும் இதே மேட்டுக்குள் பிரஷ்யக் காவற்படை வடக்கிலிருந்து புகுந்தது. பெனடெக்குக்கு முதலில் நம்பவே முடியவில்லை. கிராமத்துக்கு வெளியே ஆஸ்திரியக் கேப்டன் கிரோபனின் பீரங்கி அணி மிகக் கிட்டத்தில் நின்று சுட்டுக்கொண்டே இருந்து, கிட்டத்தட்ட ஆளும் குதிரையும் எல்லாம் அந்த இடத்திலேயே விழுந்தார்கள். அந்த இடத்துக்கு இறந்தவர்களின் பீரங்கி அணி என்றே பெயர். கீழே கம்பி வேலி, ஈரப் புல், நினைவுத் தூண். அங்கே வெகு நேரம் நின்றேன். பின்வாங்கும் தங்கள் ஆட்கள் தப்பிக்க நேரம் வாங்கிக் கொடுத்தவர்கள் இவர்கள்.

மாலைக்குள் பிரஷ்யப் பக்கம் சுமார் 9,000 பேர் செத்தும் காயப்பட்டும் போனார்கள். எதிர்ப்பக்கம் சிறைப்பட்டவர்களையும் சேர்த்து 40,000-க்கும் மேல். ஏழு வாரத்தில் போர் முடிந்தது.

மோல்ட்கேக்கு அப்போது வயது 65. பிரஷ்யப் படையில் ஒரு கம்பெனியைக்கூட அவர் தலைமையேற்று நடத்தியதில்லை. போர் தொடங்குவதற்கு முன், ஜூன் 2-ல், பணியகத் தலைவர் நேரடியாகவே படைகளுக்கு ஆணை அனுப்பலாம் என்று அரசர் அனுமதித்திருந்தார். சண்டைக்கு நடுவில் அப்படி ஒரு ஆணை வந்தபோது ஜெனரல் மான்ஸ்டைன், "இதெல்லாம் சரி, யார் இந்த ஜெனரல் மோல்ட்கே?" என்று கேட்டாராம். மறுநாளிலிருந்து ஐரோப்பாவில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

வெள்ளி, நாஹோட் வழியாக

இன்று பஸ் பயணம்தான். நாஹோட் கணவாய் வழியாகப் போலந்துக்குள். பட்டத்து இளவரசரின் படை, அப்போது பிரஷ்யாவிடம் இருந்த சைலீசியாவிலிருந்து இறங்கி வந்த வழியில் நான் எதிர்த்திசையில் ஏறிக்கொண்டிருக்கிறேன். சாலை வளைந்து வளைந்து போகிறது, இரண்டு பக்கமும் காடு. ஜூன் 27-ல் ஸ்டைன்மெட்ஸின் ஆட்கள் இந்தக் கணவாய் வாயில்தான் சண்டையிட்டு வெளியே வந்தார்கள். இங்கே அடைத்திருந்தால் ஹ்லூம் மேட்டுக்கு யாரும் போயிருக்கவே முடியாது. ராத்திரி ஷ்விட்னிட்சாவில் தங்கல்.

சனி, க்ஷிஷோவா

ஷ்விட்னிட்சாவிலிருந்து வாடகைக் காரில் கொஞ்ச தூரம். ஜெர்மானியர் காலத்தில் இந்தக் கிராமம் கிரைஸாவ். 1866 வெற்றிக்காக அரசு கொடுத்த பரிசுப் பணத்தில் 1867-ல் மோல்ட்கே இந்தப் பண்ணையை வாங்கினார். இளம் அதிகாரியாக 1820-களின் கடைசியில் நில அளவைக்காகச் சைலீசியாவில் அலைந்தவர், அதனால் இந்த மண் அவருக்குப் புதிதல்ல. மனைவி மேரி பர்ட் ஆங்கிலேயப் பெண், மோல்ட்கேயின் தங்கையின் கணவருக்கு முதல் மனைவி வழியில் பிறந்தவர். கல்யாணத்தின்போது அவர் வயதில் பாதிக்கும் கீழே. ஆனாலும் நல்ல தாம்பத்தியம். பண்ணை வாங்கிய அடுத்த வருஷமே, 1868 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், மேரி இறந்துவிட்டார். மேட்டின் மேல் கல்லறைக் கூடம் கட்டினார் மோல்ட்கே. 1888-ல் ஓய்வு பெற்றார். 1891 ஏப்ரல் 24-ல் பெர்லினில் இறந்ததும் அவரையும் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1945-க்குப் பிறகு அந்த உடல்களைக் காணவில்லை.

மாளிகைக்குள் நுழைந்ததும் மாடிப்படிக் கூடம். சுவரில் எதிரெதிராக இரண்டு பெரிய ஓவியங்கள். ஒன்றில் 1806, லூபெக்கில் பிரெஞ்சுச் சிப்பாய்கள் வீட்டைச் சூறையாடுகிறார்கள். இன்னொன்றில் 1871, பாரிஸில் ஜெர்மன் படை. வரைந்தவரின் நோக்கம் தெளிவு: அவர்கள் அன்று செய்ததற்கு நாம் இன்று. அந்த எண்ணம்தான் அடுத்த தலைமுறைகளைக் கொன்றது என்று எனக்குத் தோன்றுகிறது. பிரான்ஸின் அல்சாஸையும் லொரேனையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நின்றவர்களில் மோல்ட்கேயும் ஒருவர். 1887-ல்கூட ரஷ்யா மேல் நாமே முந்திக்கொண்டு போர் தொடுக்க வேண்டும் என்று வாதிட்டார். நிரந்தர அமைதி ஒரு கனவு, அது அழகான கனவும் இல்லை என்று 1880-ல் எழுதினார். இவற்றை எல்லாம் விட்டுவிட்டு அவரைப் புகழ எனக்கு மனமில்லை.

ஆனால் 1890 மே 14-ல், கிட்டத்தட்ட தொண்ணூறு வயதில், ஜெர்மன் நாடாளுமன்றத்தில் எழுந்து அவர் பேசியதும் இருக்கிறது. மன்னர்களின் போர்க் காலம் முடிந்துவிட்டது, இனி மக்களின் போர். அது ஏழாண்டுப் போராகலாம், முப்பதாண்டுப் போராகலாம். ஐரோப்பாவுக்குத் தீ வைப்பவனுக்குக் கேடு என்றார். ஏழு வாரத்தில் ஒரு போரை முடித்தவர் வாயிலிருந்து வந்த வார்த்தை. கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

இந்த வீட்டில்தான் 1889 அக்டோபரில் எடிசனின் ஆள் வாங்கெமன் மெழுகு உருளைகளோடு வந்து மோல்ட்கேயின் குரலைப் பதிவு செய்தார். கல்லறைக்குப் போய் வெகுகாலமான ஒருவன் மறுபடி குரல் எழுப்பி நிகழ்காலத்தை வாழ்த்த இந்தக் கருவி வழி செய்கிறது என்று அதில் பேசுகிறார். பல பத்தாண்டுகள் யாருடைய குரல் என்றே தெரியாமல் கிடந்து, 2012-ல் வெளியானது. 1800-ல் பிறந்த ஒருவரின் குரல் இது. இரைச்சலுக்கு நடுவே நிதானமான கிழக்குரல்.

மேட்டுப் பக்கம் இருக்கும் சின்ன வீட்டுக்கு நடந்தேன். 1942, 1943-ல் ஹிட்லருக்குப் பிறகு ஜெர்மனியை எப்படிக் கட்டுவது என்று பேச ஒரு குழு இங்கே ரகசியமாகக் கூடியது. கூட்டியவர் ஹெல்முத் ஜேம்ஸ் ஃபான் மோல்ட்கே, தளபதியின் தம்பி வழிக் கொள்ளுப் பேரன். 1945 ஜனவரி 23-ல் பெர்லினில் தூக்கிலிட்டார்கள். அவர் எழுதிய கடிதங்களை மனைவி ஃப்ரேயா தேன்கூட்டுப் பெட்டிகளுக்குள் ஒளித்துக் காப்பாற்றினார். 1989 நவம்பர் 12-ல், பெர்லின் சுவர் விழுந்த மூன்றாம் நாள், மேற்கு ஜெர்மனியின் சான்சலர் கோலும் போலந்தின் பிரதமர் மசோவியெட்ஸ்கியும் இந்தப் பண்ணை முற்றத்தில் ஒன்றாகப் பூசையில் நின்று கட்டித் தழுவினார்கள். இப்போது இது இளைஞர் சந்திப்பு மையம். மதியம் நான் போனபோது இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் தட்டோடு வரிசையில் நின்றார்கள்.

யாராவது இந்த வழியில் வருவதாக இருந்தால் ஒரு யோசனை: ஹ்லூமையும் க்ஷிஷோவாவையும் ஒரே பயணத்தில் பாருங்கள், ஹ்லூமை முதலில் பாருங்கள். அங்கே முழு நாள் வேண்டும், ஸ்வீப் காட்டுக்கு மட்டுமே அரை நாள் ஆகும். நல்ல பூட்ஸ் அவசியம். எனக்கு இன்னும் செடானும் டொன்ஷெரியும் பாக்கி இருக்கிறது, அதை பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து போய்ப் பார்த்து எழுதுகிறேன்.